நாலு வாசல், ஒரே டிரம்

எங்கள் தெருமுனையில் நகராட்சி ஒரு பலகை நட்டிருக்கிறது. 'பல நாடுகளின் உணவுத் தெரு' என்று அதில் எழுதியிருக்கும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் அதன் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த நகரத்தில் எத்தனை விதமான மக்கள் கூடி வாழ்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இந்தத் தெருவில் ஒரு நடை நடந்தால் போதும் என்று வேறு சொல்லிக்கொள்வார்கள். முன்பக்கமாக நடந்தால் அப்படித்தான் தெரியும். நான் ஒன்பது வருடமாகப் பின்பக்கமாக நடந்துகொண்டிருக்கிறேன். பின்பக்கத்தில் ஒரு சாக்கடை, ஒரு குப்பைத் தொட்டி, நாலு உணவகங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு சமையற்கட்டு.

நாலுக்கும் முதலாளி ஒருவர்தான். பச்சைப் பலகை மாட்டிய வாசல் மலைநாட்டு உணவகம். சிவப்பு பாலைநிலத்து உணவகம். மஞ்சள் தீவு உணவகம். நீலம், வடக்கே பனிக்கடல் ஓரமாக இருக்கிற ஒரு சின்ன தேசத்தின் உணவகம். மலைநாட்டு வாசலில் ஆட்டுக்கொம்பு, தீவு வாசலில் கிழிந்த மீன்வலை, பாலைநிலத்தில் ஒரு தோல்பை, பனிக்கடலுக்கு ஒரு துடுப்பு. நாலையும் ஒரே பழைய சாமான் கடையில், ஒரே மதியத்தில், பேரம் பேசி வண்டியில் ஏற்றி வந்தவன் நான். அந்தக் கொம்புக்குச் சொந்தக்கார ஆடு மலையைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. இதற்கெல்லாம் பெயர் பண்பாடாம்.

உள்ளே சமைத்தவர் என் மச்சான், அதாவது என் மனைவியின் மூத்த அண்ணன். பத்தொன்பது வயதில் வேறொரு ஓட்டலில் பாத்திரம் கழுவப் போனவர், முப்பது வருடத்தில் கை நிறையத் தீக்காயத்தோடும் தலை நிறைய நரையோடும் மாஸ்டர் ஆனார். வெளியில் அவரை யாருக்கும் தெரியாது. சமையற்கட்டில் எல்லோரும் அவரை 'நாலு சட்டி' என்பார்கள்.

அந்தப் பெயர் வந்த கதை இதுதான். கடைகள் திறந்தபோதே முதலாளி சொல்லிவிட்டார்: குழம்பு ஒன்றே ஒன்று போதும், தட்டின் மேலே தூவுவதை மாற்றினால் நாடு மாறிவிடும். மச்சான் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரமே தன் கைக்காசில் நாலு இரும்புச் சட்டி வாங்கி வந்து, ஒவ்வொன்றின் கரண்டிக் காம்பிலும் ஒரு நிறத்து நூலைச் சுற்றி, நாலு அடுப்பில் ஏற்றினார். பச்சை நூல் கரண்டி சிவப்புச் சட்டிக்குள் போனால் அவருக்கு ரத்தம் கொதிக்கும். ஒருமுறை நான் அவசரத்தில் மாற்றிப் போட்டுவிட்டேன். "மாப்ள, ஒரு ஊர்க்காரன் வீட்ல இன்னொரு ஊர்க்காரன் செருப்போட நுழையுற மாதிரி இருக்கு" என்றார். அந்தச் சட்டிக் குழம்பு முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி வைத்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. தின்கிறவனுக்கு இல்லாத அக்கறை சமைக்கிறவனுக்கு எதற்கு?

என் வேலை தூவுவது. சமையற்கட்டுச் சுவரில் நாலு உணவகத்துக்கும் நாலு ஜன்னல் உண்டு. தட்டு வந்ததும் பச்சைக்கு நறுக்கிய தழை, சிவப்புக்கு எள், மஞ்சளுக்குத் தேங்காய்த் துருவல், நீலத்துக்கு வெள்ளரித் துண்டு என்று மேலே போட்டு ஜன்னலில் வைத்து மணியடிக்க வேண்டும். நாலு பண்பாட்டையும் ஒன்பது வருடமாக என் இந்த இரண்டு விரல்தான் காப்பாற்றி வருகிறது.

மச்சான் அந்த நாடுகளில் எதற்கும் போனவர் இல்லை. இந்த ஊர் எல்லையைத் தாண்டினாலே அவருக்குத் தலை சுற்றும். ஆனால் ஊருக்குள் அவர் போகாத வீடு கிடையாது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மலைநாட்டு நர்ஸைத் தேடிப் பிடித்து, அவள் வீட்டு அடுப்பருகே மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். துறைமுகத்தில் தீவுக்காரர்கள் மூட்டை இறக்குகிற இடத்துக்குப் போய் அவர்களோடு சேர்ந்து மூட்டை தூக்கி, மதியம் அவர்கள் சமைப்பதைப் பார்த்தார். பாலைநிலத்துக் குழம்பை ஒரு டாக்ஸி ஓட்டுநரின் மாமியாரிடம் கற்றார். அந்த அம்மா கடைசிவரை இவரைத் திருடன் என்றே நினைத்தாராம். கடைக்கு விடுமுறை திங்கட்கிழமை. மச்சானின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் வாய் சும்மா இருக்காது.

"லீவு நாள்னா ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வெளிய போறான். எனக்கு வாச்சவர் அடுத்தவன் பொண்டாட்டியோட அடுப்பங்கரைக்குப் போறார்" என்பாள்.

நீலச் சட்டி மட்டும்தான் அவருக்குப் பிடிபடவில்லை. பனிக்கடல் தேசத்து ஆள் ஒருவர்கூட அவர் கையில் சிக்கவில்லை. எப்போதோ ஒரு கப்பல் மாலுமி, அதுவும் அரை போதையில், கையைக் காலை ஆட்டிச் சொன்னதை வைத்துக்கொண்டு அதைச் சமைத்தார். மீன் எலும்பு வேகவைத்த தண்ணீர், வெங்காயம், ஒரு புளிப்பு. அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். வாரத்துக்கு வாரம் மாற்றிப் பார்ப்பார். ருசி பார்த்துவிட்டுக் கரண்டியைக் கீழே வைக்கும்போது அவர் முகம் பரீட்சையில் தோற்றவன் முகம்போல இருக்கும். "இது இல்ல மாப்ள, வேற என்னமோ" என்பார். அந்த ஊர்க்காரர் யாராவது இந்த நகரத்தில் இருக்கிறாரா என்று பஸ் கண்டக்டரிலிருந்து தபால்காரர் வரை எல்லோரிடமும் விசாரித்தார். முன்பக்கம் மட்டும் போனதில்லை. சமையல்காரர் முன்பக்கம் தலை காட்டக்கூடாது என்பது முதலாளியின் சட்டம். மச்சானின் முகம் அந்த நாலு நாட்டில் எதற்கும் பொருந்தவில்லை, பார்த்தால் வாடிக்கையாளருக்கு நம்பிக்கை போய்விடுமாம்.

போன வருடம் ஒரு நாள் காலையில் லாரியில் ஒரு டிரம் வந்து இறங்கியது. இடுப்பு உயரத்துக்கு வெள்ளை பிளாஸ்டிக் டிரம். உள்ளே தொழிற்சாலையில் செய்த குழம்பு, கெட்டியாக, பழுப்பாக, எந்த ஊருக்கும் சொந்தமில்லாத ஒரு வாசனையோடு. முதலாளி அதன் மூடியைத் தட்டிக்கொண்டே பேசினார்.

"மாஸ்டர், நாலு சட்டி, நாலு அடுப்பு, விடியறதுக்கு முன்னாடி வந்து நாலு தாளிப்பு. எதுக்கு இந்தப் பாடு? திங்கிறவங்களுக்கு என்ன தெரியும்?"

"தெரியும் மொதலாளி."

"யாருக்குத் தெரியும்? ஒரு ஆளைக் காட்டுங்க."

சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் முகம்கூட அடுப்பை விட்டு நகராத மச்சானுக்குத் தெரியாது. எவரைக் காட்டுவார்?

"சரி, வர்ற புதன்கிழமை விருதுக் குழு வருது" என்றார் முதலாளி. "ஊரோட பண்பாட்டைக் காட்டுற சாப்பாட்டுக் கடைக்கு விருதாம். எல்லாம் நாலு ஊர் தின்னு பாத்த பெரிய மனுசங்க. அன்னிக்கு நாலு ஜன்னலுக்கும் இந்த டிரம்லேருந்துதான் போகும். அவங்கள்ல ஒரே ஒருத்தர், 'என்னப்பா, அங்க தின்னதும் இங்க திங்கிறதும் ஒண்ணா இருக்கே'ன்னு கேக்கட்டும். டிரம்மை வந்த லாரியிலயே திருப்பி அனுப்பிடுறேன். உங்க சட்டி உங்க அடுப்புலயே இருக்கட்டும். யாரும் கேக்கலன்னா சட்டி நாலும் பழைய இரும்புக்குப் போகும். சம்மதமா?"

"சம்மதம்" என்றார் மச்சான். குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. பெரிய மனிதர்கள்மேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

புதன்கிழமை வந்தது. மச்சான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முகம் மழித்து வந்திருந்தார். "விருது உங்களுக்கா மச்சான்?" என்று சீண்டினேன். சிரிக்கவில்லை. நாலு சட்டியும் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. அவர் கையைக் கட்டிக்கொண்டு பச்சை ஜன்னல் பக்கத்தில் நின்றார். நான் டிரம்மிலிருந்து அள்ளிச் சூடாக்கி, தழை தூவி, மணியடித்தேன்.

குழுவில் மூன்று பேர். பத்திரிகையில் வாராவாரம் சாப்பாட்டைப் பற்றி எழுதுகிற அம்மையார் ஒருவர். மக்களினங்களைப் பற்றித் தலையணை கனத்துக்குப் புத்தகம் போட்ட பேராசிரியர் ஒருவர். மூன்றாவது கவுன்சிலர். அவர் எந்தக் குழு போட்டாலும் அதில் இருப்பார். கூடவே ஒரு புகைப்படக்காரர்.

பேராசிரியர் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடினார். "மலைக்காத்து தெரியுது பாருங்க. உயரத்துல வாழுற சனங்களோட சாப்பாட்டுல ஒரு தனிமை இருக்கும்" என்றார்.

மச்சான் என்னைப் பார்த்தார். "முதல் கடைதானே மாப்ள. ரெண்டாவது கடையில ஒப்பிட்டுப் பாத்துச் சொல்வாங்க" என்றார்.

அவர்கள் பச்சை வாசலில் வெளியேறி, நாலு எட்டு வைத்து, சிவப்பு வாசலில் நுழைந்தார்கள். அதற்குள் பரிமாறுகிறவர் பின்பக்கமாக மூச்சிரைக்க ஓடி வந்து, பச்சை மேல்சட்டையைக் கழற்றி எறிந்து, சிவப்பை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்க் கும்பிட்டு நின்றார். அவர்களுக்கு அவர் முகமே அடையாளம் தெரியவில்லை. இவர்களா குழம்பைக் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

"தண்ணிக்கு அலையுற ஊர்க்காரங்க சமையல். அந்தத் தாகம் குழம்புலயே இருக்கு, இல்ல?" என்றார் அம்மையார். தாகம் எடுக்கத்தான் செய்யும். டிரம்மில் அவ்வளவு உப்பு.

மஞ்சள் வாசலில் கவுன்சிலரின் முறை. "கடல் வாசனை! அப்படியே கரையில நிக்கிற மாதிரி!" என்று மேசையைத் தட்டினார். டிரம்மில் மருந்துக்குக்கூட மீன் கிடையாது. காலையில் மீன் கழுவிய கையோடு தேங்காய்த் துருவலைப் போட்டவன் நான். தீவுப் பண்பாடு என் கையிலிருந்து வந்தது.

மச்சானின் கட்டிய கை அவிழ்ந்து தொங்கியது. ஜன்னலுக்கு ஜன்னல் நகர்ந்து வந்தவர் நீல ஜன்னலுக்கு வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். "இதுல கேப்பாங்க" என்று முணுமுணுத்தார். அது என்னிடம் சொன்னது இல்லை.

நீல வாசலில் மூவரும் சாப்பிட்டு முடித்தார்கள். பேராசிரியர் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "நாலு கடை, நாலு உலகம். ஒண்ணுக்கும் ஒண்ணுக்கும் கொஞ்சம்கூடச் சம்பந்தமே இல்ல. இதுதான் இந்த நகரம்."

முதலாளி சமையற்கட்டுக் கதவைத் திறந்து தலையை நீட்டி, கவிழ்ந்து கிடந்த நாலு சட்டியையும் ஒருமுறை பார்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அப்போதுதான் நீல உணவகத்தின் மூலை மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பின்தெருவில் துணி தைத்துக் கொடுக்கிற அம்மா அவர். விரலில் ஊசிக் கவசம்கூடக் கழற்றாமல் புதன்கிழமைதோறும் தனியாக வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். எத்தனை வருடமாக என்று எனக்கே கணக்கில்லை. அன்று இரண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்திருந்தார்.

"இன்னிக்கு உள்ள சமைச்சது யாரு?"

முதலாளி பதறி ஓடினார். "என்னம்மா, என்ன குறை?"

"குறையெல்லாம் சொல்லல. எப்பவும் சமைக்கிறவர் இன்னிக்குச் சமைக்கல."

"நீங்க விருதுக் குழுவுல இருக்கீங்களா?"

"இல்ல. பின்னால தையல் கடை."

"அப்ப பேசாம சாப்பிடுங்கம்மா. பெரியவங்க பேசிக்கிட்டு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு முதலாளி கவுன்சிலருக்கு நாற்காலி இழுத்துப் போடப் போய்விட்டார். கவுன்சிலர் விருதை அறிவிக்க எழுந்தார். அவர் எழுந்தால் அரை மணி நேரத்துக்கு உட்கார மாட்டார் என்பது ஊருக்கே தெரியும்.

மச்சான் இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியைக்கூட அவிழ்க்கவில்லை. அப்படியே கதவைத் தள்ளிக்கொண்டு முன்பக்கம் போனார். கடை திறந்ததிலிருந்து முதல் தடவை. ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"நீங்கதான் உள்ள இருக்கிறவரா?" என்றார் தையல்கார அம்மா.

"ஆமா. இன்னிக்கு நான் சமைக்கல. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் அந்த ஊருதான்." தலையை அசைத்து வாசலில் இருந்த துடுப்பைக் காட்டினார்.

மச்சான் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பஸ் கண்டக்டரிடமும் தபால்காரரிடமும் விசாரித்து, துறைமுகம் முழுக்கச் சலித்து அவர் தேடிய ஆள், சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குழம்பையே தின்றுகொண்டு இருந்திருக்கிறார்.

"அப்போ, நான் வைக்கிறது உங்க ஊர்க் குழம்பு மாதிரி இருக்குமா?"

"இல்ல" என்றார் அந்த அம்மா. தயவு தாட்சண்யமே இல்லை. "ஒரு நாளும் இருந்ததில்ல. ஆனா ஒவ்வொரு புதன்கிழமையும் கொஞ்சம் மாறியிருக்கும். ஒரு வாரம் புளிப்பு கூடும், ஒரு வாரம் குறையும். உள்ள யாரோ விடாம தேடிக்கிட்டு இருக்காங்கன்னு தெரிஞ்சுது. அதுக்காகத்தான் வந்துக்கிட்டு இருந்தேன். இன்னிக்கு யாரும் தேடல."

மச்சான் நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "எது குறையுது?" என்றார்.

"வெங்காயம். நீங்க பொன்னிறமா வதக்கி நிறுத்திடுறீங்க. எங்க வீட்ல கருக விடுவோம். நல்லா, கறுப்பா. வீடு முழுக்கப் புகை வந்து கண்ணு எரியணும்."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"யாரு கேட்டா?"

மச்சான் திரும்பி ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தார். எல்லாப் புதன்கிழமையும் அந்த அம்மாவின் தட்டை என் கையால் ஜன்னலில் வைத்திருக்கிறேன். எந்த ஊர் என்று ஒருமுறை கேட்டிருந்தால் என் வாய் தேய்ந்தா போயிருக்கும்? குழுவில் வந்த மூவரையும் நான் மனதுக்குள் அப்படி ஏசினேனே, அவர்களுக்கும் எனக்கும் என்ன பெரிய வித்தியாசம்? நான் குனிந்து வெள்ளரிக்காயை நறுக்கினேன். யாருக்கும் தேவைப்படாத வெள்ளரிக்காய்.

மச்சான் உள்ளே வந்தார். நீல நூல் சுற்றிய கரண்டியை எடுத்தார், சட்டியை நிமிர்த்தினார், வெங்காயத்தை அள்ளிப் போட்டார். பொன்னிறம் வந்தபோது அவர் கை பழக்கத்தில் தானாக அடுப்பைக் குறைக்கப் போனது. கையை இழுத்துக்கொண்டார். வெங்காயம் சிவந்தது, கறுத்தது. புகை கூரையில் முட்டி, நாலு ஜன்னல் வழியாகவும் நாலு நாடுகளுக்குள்ளும் பாய்ந்தது.

வெளியே புகைப்படத்துக்காக வரிசையாக நின்றிருந்தார்கள். விருதுக் கேடயத்தின் ஒரு முனையைக் கவுன்சிலரும் மறுமுனையை முதலாளியும் பிடித்திருந்தார்கள். அம்மையார் முதலில் இருமினார். அப்புறம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"சீ, என்ன நாத்தம் இது? எதைப் போட்டுக் கொளுத்துறாங்க?"

"மாஸ்டர்!" முதலாளி அலறினார். "என்ன கருகுது அங்க?"

"நீல வாசல் ஆர்டர், மொதலாளி!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் மச்சான்.

பண்பாட்டைப் பாராட்ட வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கார் பக்கம் ஓடினார்கள். பேராசிரியர் தன் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். மச்சான் முந்தின நாள் மிச்சம் வைத்திருந்த மீன் தண்ணீரை ஊற்றி, கொதிக்கவிட்டு, புளிப்பைச் சேர்த்து, தட்டைத் தானே எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனார். என்னைத் தூவ விடவில்லை.

தையல்கார அம்மா கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். புகையாகவும் இருக்கலாம், எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய். மெதுவாகத் தட்டை முழுக்கக் காலி செய்தார். மச்சான் நின்றுகொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கருகணும்" என்றார் அந்த அம்மா.

அன்று மாலையே மச்சானுக்குச் சீட்டுக் கிழிந்தது. நாலு சட்டியையும் அவர் இரண்டும் நான் இரண்டுமாகத் தூக்கிக்கொண்டு வீடு சேர்ந்தோம். இப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உப்பில்லாச் சாப்பாடு சமைக்கிறார். திங்கட்கிழமை லீவு கேட்டு வாங்கியிருக்கிறார். நீலச் சட்டியோடு தையல் கடையின் பின்கட்டுக்குப் போய்விடுவார். இப்போது அக்காவும் கூடப் போகிறாள், கண் எரிகிறது என்று திட்டிக்கொண்டே.

விருதுக் கேடயத்துக்கு முதலாளி மூன்று நகல் செய்து, நாலு வாசலிலும் ஒவ்வொன்று மாட்டிவிட்டார். பத்திரிகையில் அரைப்பக்கம் வந்தது. இப்போது மாதத்துக்கு ஆறு டிரம் இறங்குகிறது. நாலு வாசலிலும் கூட்டம் குறையவில்லை. ஒரு ஆள், ஒரே ஒரு ஆள்கூட இதுவரை எதுவும் கேட்கவில்லை. புதன்கிழமைகளில் மூலை மேசை காலியாகக் கிடக்கிறது. நான் டிரம்மில் அள்ளுகிறேன், தூவுகிறேன், மணியடிக்கிறேன். எனக்கு வீட்டு வாடகை இருக்கிறது, ரோஷம் இல்லை.

போன வாரம் மச்சான் வீட்டுக்குப் போயிருந்தேன். சட்டை முழுக்கப் புகை வாடையோடு அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றினார்.

"இன்னிக்காவது சரியா வந்துச்சா மச்சான்?" என்று கேட்டேன்.

"இல்லையாம் மாப்ள" என்றார். ஒரு மனிதர் இவ்வளவு சந்தோஷமாக அதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை.